பழியைத் தள்ளிவிடாமல் தப்பை ஏற்பது: கிறிஸ்தவப் பார்வையில் ஓர் எளிய விளக்கம்

“கத்தினது தப்புதான், ஆனா நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.” மன்னிப்புக் கேட்கப் போகிற பலர் வாயிலும் இப்படித்தான் வருகிறது. முதல் பாதியைக் கேட்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கும். இரண்டாம் பாதி வந்ததும் கணக்கு மாறிவிடும்: கத்தியது நான், கத்த வைத்தது நீ. எதிரில் இருப்பவருக்கு மன்னிப்பும் கிடைக்கவில்லை; மேற்கொண்டு ஒரு குற்றச்சாட்டும் வந்து சேர்ந்தது.

பழியைப் பிறர்மேல் போடுவது என்றதும் பொய் சொல்வது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அதில் பொய்யே இருக்காது. எதிரில் இருப்பவர் உண்மையிலேயே அப்படிப் பேசியிருப்பார். வேலை நெருக்கடி உண்மையாக இருக்கும். வளர்ந்த வீட்டில் பட்ட காயமும் உண்மையாக இருக்கும். இந்த உண்மைகளை எந்த இடத்தில், எதற்காக எடுத்து வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல். வேதாகமம் இதை மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறது. அதைப் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்கும் புரியும்படி கொஞ்சம் விளக்கிப் பார்க்கலாம்.

தோட்டத்தில் நடந்த விசாரணை

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில், 3-ஆம் அதிகாரத்திலேயே இந்தப் பழக்கம் தலைகாட்டிவிடுகிறது. கடவுள் விலக்கி வைத்த மரத்தின் கனியை, ஒரு சர்ப்பத்தின் பேச்சைக் கேட்டு, ஆதாமும் ஏவாளும் சாப்பிட்டுவிட்டு, கடவுள் வரும் சத்தம் கேட்டு மரங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்கிறார்கள். கடவுள் தண்டனையிலிருந்து தொடங்கவில்லை. “நீ எங்கே இருக்கிறாய்” என்று கேட்கிறார். அவருக்குத் தெரியாமல் கேட்ட கேள்வியாக அதைப் பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. ஒளிந்திருப்பவன் தானே வெளியே வரட்டும் என்று கொடுத்த சந்தர்ப்பம் அது. “புசித்தாயோ” என்று நேராகவே அடுத்துக் கேட்கிறார். அதற்கு ஆதாம் சொல்லும் பதில்: “என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள் அவ்விருட்சத்தின் கனியை எனக்குக் கொடுத்தாள், நான் புசித்தேன்.”

இந்தப் பதிலில் ஒரு பொய்கூட இல்லை. கனியைக் கொடுத்தது ஏவாள்தான். ஏவாளைத் தந்தது கடவுள்தான். ஆனால் ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரைக் கூண்டில் ஏற்றிவிட்டு, கடைசியில், இனிச் சொல்லாமல் தப்ப முடியாது என்ற இடத்தில், “நான் புசித்தேன்” என்று சேர்க்கிறான். முந்தின அதிகாரத்தில் இதே ஆதாம் இதே பெண்ணைப் பார்த்து “என் எலும்பில் எலும்பும், என் மாம்சத்தில் மாம்சமுமாய் இருக்கிறாள்” என்று மகிழ்ந்தவன். இப்போது அவள் “நீர் தந்த ஸ்திரீ” ஆகிவிட்டாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில் முதலில் போனது உறவு. வீடுகளில் இன்றும் இதுதான் நடக்கிறது என்பதால்தான் இந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் வலிக்கிறது.

ஏவாளின் பதிலும் உண்மைதான்: “சர்ப்பம் என்னை வஞ்சித்தது, நான் புசித்தேன்.” இங்கே கவனிக்க வேண்டியது, கடவுள் அதை மறுக்கவில்லை என்பது. சர்ப்பத்தை அவர் விட்டுவிடவும் இல்லை. தீர்ப்பு அதற்குத்தான் முதலில் வருகிறது. பிறகு பெண்ணுக்கு, பிறகு ஆணுக்கு. ஒவ்வொருவருடைய பங்கும் தனித்தனியாக விசாரிக்கப்படுகிறது. அப்படியானால், ஏவாளின் பங்கை ஆதாம் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவனிடம் கேட்டது அவன் பங்கை மட்டும்தான்.

நம் தப்பை நாம் ஏற்பது என்றால், மற்றவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சாதிப்பது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. அவர்கள் பங்கு அவர்கள் கணக்கில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார்.

இன்னொரு சின்ன விவரம். ஏன் ஒளிந்தாய் என்பதற்கு ஆதாம் காரணம் சொல்கிறான்: “பயந்து, ஒளித்துக்கொண்டேன்.” உடலை மரத்துக்குப் பின்னால் ஒளித்தான், கண்டுபிடிக்கப்பட்டதும் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்தான். இரண்டுக்கும் வேர் ஒரே பயம். பழிபோடுகிறவரை நாம் திமிர் பிடித்தவர் என்று எடுத்துக்கொள்கிறோம். பல நேரம் அவர் பயந்துபோனவர். இதை மனதில் வைத்துக்கொண்டால், கிறிஸ்தவ விசுவாசம் தரும் மருந்து ஏன் அந்த மாதிரி இருக்கிறது என்பது பின்னால் புரியும்.

சவுலின் பதிலும் தாவீதின் பதிலும்

சாக்குச் சொல்வதில் வேதாகமத்தின் உச்சம் மோசேயின் அண்ணன் ஆரோன்தான். இஸ்ரவேல் மக்களை நடத்திவந்த மோசே மலைமேல் இருந்தபோது, மக்கள் கேட்டார்கள் என்று பொன்னால் ஒரு கன்றுக்குட்டி செய்துகொடுத்தான். சிற்பக்கருவியை எடுத்து அவனே வடிவமைத்தான் என்று யாத்திராகமம் 32-ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. மோசே இறங்கிவந்து கேட்டதும் அவன் சொன்னது: இது பொல்லாத ஜனம் என்று உமக்கே தெரியும், பொன்னைத் தந்தார்கள், “அதை அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது.” தானாக வந்ததாம். “எப்படி நடந்துச்சுன்னே தெரியல”, “கை தவறிடுச்சு”, “பேச்சு அப்படிப் போயிடுச்சு” என்று ஆளே இல்லாமல் காரியம் மட்டும் நடந்த மாதிரி நாம் பேசுவது இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இதைவிட அதிகம் கற்றுத்தருவது இஸ்ரவேலின் முதல் இரண்டு ராஜாக்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரோடு நடந்த போரில் எதையும் தப்பவிடக் கூடாது என்ற கட்டளையோடு சவுல் அனுப்பப்படுகிறான். அந்தக் கட்டளையே இன்றைய வாசகர் பலருக்குக் கடினமானது; அதை இந்தக் கட்டுரையில் பேசித் தீர்க்க முடியாது. இங்கே பார்க்க வேண்டியது சவுலின் பதில்களை. திரும்பி வந்தவன் முதலில், கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்கிறான். “அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தம்” என்ன என்று தீர்க்கதரிசி சாமுவேல் கேட்கிறார். உடனே பேச்சு மாறுகிறது. நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்தது ஜனங்கள். அதுவும் உம்முடைய தேவனுக்குப் பலியிடத்தான். மற்றவற்றை அழித்தது நாங்கள். தப்பு நடந்த இடத்தில் ‘அவர்கள்’, சரியாக நடந்த இடத்தில் ‘நாங்கள்’. சாமுவேல் விடவில்லை. கடைசியில் “பாவஞ்செய்தேன்” என்ற சொல் வந்தே விடுகிறது. ஆனால் கூடவே, ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்பதும் வருகிறது. மறுபடியும் ஒருமுறை “நான் பாவஞ்செய்தேன்” என்கிறான். அடுத்த மூச்சிலேயே, என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணி என்னோடு வாரும் என்கிறான். தப்பை ஒத்துக்கொண்டது, பெயர் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

அடுத்தவன் தாவீது. 2 சாமுவேல் 11, 12-ஆம் அதிகாரங்கள். இன்னொருவன் மனைவியான பத்சேபாள் குளிப்பதை மாடியிலிருந்து பார்த்து, அவளை அரண்மனைக்கு அழைப்பித்தான். அவள் கர்ப்பமானாள். அதை மறைக்க அவள் கணவன் உரியாவைப் போர்முனையின் மும்முரமான இடத்தில் நிறுத்திச் சாகவைத்தான். உரியா இறந்த செய்தி வந்தபோது, பட்டயம் இன்றைக்கு ஒருவனை நாளைக்கு ஒருவனை விழுங்கும், இதற்கெல்லாம் வருத்தப்படாதே என்று தளபதிக்குச் சொல்லி அனுப்பினான். கொன்றது தான், பழி பட்டயத்தின்மேல். அப்போது தாவீதும் ஆரோனைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தான்.

நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிறார். நிறைய ஆடுமாடு உள்ள ஒரு பணக்காரன், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காக, ஓர் ஏழை மகளைப் போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து அடித்துச் சமைத்தான். தாவீது கொதித்துப்போகிறான், அவன் சாக வேண்டியவன், நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறான். “நீயே அந்த மனுஷன்” என்கிறார் நாத்தான். பிறர் தப்பு என்றால் நமக்கு எவ்வளவு சீக்கிரம் நியாயம் தெரிந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான காட்சி எனக்குத் தெரியாது.

தாவீதின் பதில் ஒரே வரி: கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன். அவ்வளவுதான். பத்சேபாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போர்க்களத்தைப் பற்றி இல்லை. ராஜாவின் மன உளைச்சலைப் பற்றி இல்லை. செய்த காரியத்தை எடைபோட்டால் தாவீதினுடையது சவுலினுடையதைவிட லேசானது என்று யாரும் சொல்ல முடியாது. வித்தியாசம் பதிலில் இருக்கிறது. சவுலின் அறிக்கையில் வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தாவீதின் அறிக்கையில் அவன் மட்டும் நிற்கிறான். இந்தச் சம்பவத்தோடு தலைப்பிலேயே சேர்த்துச் சொல்லப்படும் வேதாகமப் பாடலான 51-ஆம் சங்கீதமும் அப்படியே: “என் மீறுதல்களை நான் அறிந்திருக்கிறேன், என் பாவம் எப்பொழுதும் எனக்கு முன்பாக நிற்கிறது.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பத்சேபாள் ஏன் அங்கே குளித்தாள் என்று கேட்டுப் பாதிப் பழியை அவள்மேல் போடுகிற பிரசங்கங்கள் இன்னும் உண்டு. நாத்தானின் கதையில் அவள் ஆட்டுக்குட்டி. குற்றம் முழுவதும் பணக்காரன்மேல். தாவீதே சொல்லாத சாக்கை அவனுக்காக நாம் தேடிக் கொடுப்பது, ஆதாமின் வேலையை நாம் தொடர்ந்து செய்வதுதான்.

பயம் எப்படிப் போகும்?

சரி, தப்பை ஒத்துக்கொள் என்று எல்லா அறநூலும் சொல்கிறது. கிறிஸ்தவம் இதில் தனியாக என்ன சொல்கிறது? காரியங்களின் வரிசையை அது மாற்றிவைக்கிறது. முதலில் நீ திருந்து, பிறகு ஏற்றுக்கொள்கிறேன் என்று கடவுள் சொல்லவில்லை. “நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்” என்று ரோமர் 5:8 சொல்கிறது. அதாவது, நம்மைப் பற்றிய மிக மோசமான உண்மை அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த பிறகுதான் அன்பு காட்டியிருக்கிறார். அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? தோட்டத்தில் ஆதாமை மரத்துக்குப் பின்னால் தள்ளிய பயத்துக்கு இதுதான் பதில். அந்தக் கதையிலேயேகூட இதற்கு ஒரு முன்குறிப்பு உண்டு. தீர்ப்பெல்லாம் சொல்லி முடித்ததும் கடவுள் அவர்களுக்குத் தோல் உடைகளைச் செய்து உடுத்துகிறார்.

இளைய குமாரன் கதை (லூக்கா 15) பலருக்கும் தெரிந்தது. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே சொத்தில் பங்கு வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். அதே நேரத்தில் அந்த நாட்டில் கொடிய பஞ்சமும் வந்தது. பஞ்சம் நல்ல சாக்கு. “காலம் சரியில்லப்பா” என்று தொடங்கியிருக்கலாம். பன்றிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவன் மனதில் தயார் செய்த பேச்சில் பஞ்சம் வரவே இல்லை: “தகப்பனே, பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்.” கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்று கேட்கவும் எண்ணியிருந்தான். ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டுவிட்டார். அறிக்கை அதற்குப் பிறகுதான் வாயிலிருந்து வருகிறது. அதையும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. கூலிக்காரன் என்ற பகுதிக்கு வருவதற்குள் தகப்பன் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு நல்ல உடையைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

புதிய ஏற்பாட்டில் இதை நேரடியாகச் சொல்லும் வசனம் 1 யோவான் 1:8, 9. நமக்குப் பாவமில்லை என்றால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம்; “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்” மன்னித்துச் சுத்திகரிக்க அவர் உண்மையுள்ளவர். அறிக்கையிடுவது என்றால் கடவுளுக்குப் புதுத் தகவல் கொடுப்பது அல்ல. அவர் பார்க்கிற மாதிரியே நம் செயலை நாமும் பார்த்து, ஆமாம் என்று ஒத்துக்கொள்வது.

சாத்தான், பரம்பரை, வளர்ப்பு

விசுவாசிகளுக்கென்றே சில சாக்குகள் உண்டு. “சாத்தான் சோதிச்சுட்டான்”, “இது தலைமுறை சாபம்”, “கர்த்தர் அனுமதிச்சார்” என்பதெல்லாம் பக்தியான வார்த்தைகளாக இருப்பதால் சட்டென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. யாக்கோபின் நிருபம் (கடிதம்) முதல் அதிகாரம், தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம் என்கிறது. அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டுச் சோதிக்கப்படுகிறான் என்கிறது. பரம்பரைக் கதைக்கு எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் பதில் சொல்கிறது. பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்கள் மத்தியில் ஒரு பழமொழி ஓடியது: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. முன்னோர் செய்த வினை எங்கள் தலையில் விடிந்தது என்று அர்த்தம். அதிலும் உண்மை இருந்தது; அவர்கள் நாட்டின் அழிவு பல தலைமுறைகளின் தவறால் வந்ததுதான். ஆனாலும், இனி அந்தப் பழமொழியைச் சொல்ல வேண்டாம் என்று கடவுள் தடுக்கிறார். தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை, மகன் அக்கிரமத்தைத் தகப்பன் சுமப்பதில்லை என்று அந்த அதிகாரம் விரித்துச் சொல்கிறது. கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். உண்மையில் அது நம்பிக்கை தரும் செய்தி. என் தகப்பன்தான் காரணம் என்றால் நான் மாற வழியே இல்லை. என் பங்கு என்னுடையது என்றால் இன்றைக்கே திரும்பலாம்.

வட ஆப்பிரிக்காவில் 354-இல் பிறந்து பிற்காலத்தில் ஆயரான அகுஸ்தீன் இதைத் தன் வாழ்க்கையில் பார்த்தவர். இளமையில் சுமார் 9 ஆண்டுகள் மானி மதத்தைப் பின்பற்றினார். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போராக உலகத்தைப் பார்த்த மதம் அது. தப்பு செய்வது நானல்ல, எனக்குள் இருக்கும் வேறொரு இயல்பு என்று நினைத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. அந்த எண்ணம் தன் அகந்தைக்குப் பிடித்திருந்தது என்று பிறகு எழுதினார். 16 வயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடியதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பசிக்காகத் திருடவில்லை, அதைவிட நல்ல பழம் அவரிடம் இருந்தது, திருடியதைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் சொல்கிறார். இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். நண்பர்களின் பங்கை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தகவலைத் தன்னை விடுவித்துக்கொள்ளப் பயன்படுத்தவில்லை. கூட்டத்தோடு சேர்ந்தால் தன் மனம் எப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ளப் பயன்படுத்துகிறார்.

காரணம் தேடுவது தப்பே அல்ல என்பது இதிலிருந்து தெரியும். குடிக்கு அடிமையானவர் தன் சிறுவயதைப் பற்றி ஆலோசகரிடம் பேச வேண்டும். அடிக்கடி எரிந்து விழுபவர், தூக்கமில்லாததால்தான் இப்படியோ என்று பார்க்க வேண்டும். அடுத்தமுறை வேறு மாதிரி நடக்க உதவினால் அது காரணம். இந்தமுறை நடந்ததிலிருந்து தப்பிக்க உதவினால் அது சாக்கு.

ஏற்றுக்கொண்டால் அடுத்து என்ன?

மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்ன உத்திரமும் துரும்பும் எல்லாருக்கும் தெரியும் (மத்தேயு 7). வீட்டுக் கூரையைத் தாங்கும் கட்டை உன் கண்ணில் இருக்கும்போது சகோதரன் கண்ணில் உள்ள துரும்பை ஏன் பார்க்கிறாய் என்கிறார். அடுத்தவர் துரும்பைப் பற்றிப் பேசவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. முதலில் உன்னுடையதை எடுத்துப்போடு, பிறகு அவனுடையதை எடுக்க உனக்குக் கண் தெரியும் என்கிறார். குடும்பச் சண்டையில் இந்த வரிசை பெரிய உதவி. முதலில் என் பங்கு. அதைச் சொல்லி நிறுத்த வேண்டும். எதிரில் இருப்பவர் செய்தது பேச வேண்டிய விஷயம் என்றால், வேறொரு நேரத்தில், தனியாக.

எப்படிச் சொல்வது? ஒரு தகப்பன் ராத்திரி மகளுடைய வீட்டுப்பாட நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காலையில், “அப்பா கோபப்பட்டிருந்தா சாரி, ஆபீஸ்ல ஏகப்பட்ட டென்ஷன்” என்பது ஒரு வகை. அந்தக் குழந்தை “பரவாயில்லப்பா” என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே இனிப் பயப்படும். “நேத்து உன் நோட்டைத் தூக்கி எறிஞ்சேன். நீ பயந்து ரூமுக்குள்ள போயிட்ட. நான் செஞ்சது தப்பு. நோட்டு கிழிஞ்சிருக்கா பார்ப்போம், வா” என்பது இன்னொரு வகை. செய்த காரியம் என்ன என்று பெயர் சொல்லப்படுகிறது. அதனால் அவளுக்கு என்ன ஆனது என்பது சொல்லப்படுகிறது. கிழிந்த பக்கத்தை ஒட்டும் வேலையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒட்டும் வேலை முக்கியம். இயேசு என் பாவத்தைச் சுமந்துவிட்டார், கடவுளிடம் சொல்லிவிட்டேன், அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். ஒருவனுக்கு நஷ்டம் உண்டாக்கியவன் பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, இழந்தவனுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வரி வசூலில் ஏமாற்றிச் சேர்த்த சகேயு இதைத் தாண்டிப் போனான்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது இருந்தால் நாலத்தனை (லூக்கா 19). எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள், ரோமர்கள் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்று அவன் சொல்லவில்லை. இயேசு தாமே அவன் வீட்டில் தங்கப் போவதாகச் சொன்ன பிறகுதான் இதெல்லாம் நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5 சொல்வதும் இதே வழியில்தான்.

மன்னிப்புக் கிடைத்தால் விளைவும் போய்விடும் என்பதும் இல்லை. தாவீது மன்னிக்கப்பட்டான், அவன் வீட்டில் பட்டயம் ஓயவில்லை.

உன்னுடையது அல்லாத பழி

இந்தப் போதனையைத் தவறான ஆளிடம் கொண்டுபோய்ப் போட்டால் பெரிய கொடுமை நடக்கும். வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் “உன் பங்கு என்னன்னு யோசிச்சுப் பாரும்மா” என்று சொல்லும் ஆலோசனைகள் சபைகளில் உண்டு. அது பாவ அறிக்கை அல்ல. அடித்தவனின் பழியை அடிபட்டவள் தலையில் ஏற்றுவது. 2 சாமுவேல் 13-இல் தாவீதின் மகள் தாமார் தன் அண்ணன் அம்னோனால் பலவந்தப்படுத்தப்படுகிறாள். அந்த அதிகாரம் அவள்மேல் ஒரு சொல்கூடக் குற்றம் சுமத்தவில்லை. அவள் எவ்வளவு கெஞ்சினாள் என்பதை வரிவரியாகப் பதிவு செய்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). பெருந்துன்பம் பட்ட யோபுவின் நண்பர்கள் அவன் துன்பத்துக்கு அவன் பாவத்தைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல் வந்தது. நடந்த எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்று குமைவது தாழ்மை ஆகிவிடாது. அதுவும் உண்மைக்குப் புறம்பானதுதான்.

தன் தப்புதான் என்று சரியாகத் தெரிந்தவர்களும் இரண்டு வழியில் போகலாம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீஷன் யூதாஸ், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்டான். 30 வெள்ளிக்காசையும் திருப்பி எறிந்தான். ஆனால் மன்னிப்பு இருக்கக்கூடும் என்று அவனால் நினைக்க முடியவில்லை. தனியாகப் போய் உயிரை மாய்த்துக்கொண்டான். இயேசு பிடிபட்ட ராத்திரியில் இன்னொரு சீஷனான பேதுரு, அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்து, சேவல் கூவியதும் மனங்கசந்து அழுதான். பேதுரு மற்ற சீஷர்களோடு இருந்துவிட்டான். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவனிடம், என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டு, ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கொடுத்தார். தப்பை உணர்ந்து தாங்க முடியாத பாரத்தில் இருப்பவர் தனியாக இருக்க வேண்டாம்; நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே பேச வேண்டும். “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்று யாக்கோபு 5:16 சொல்வது இப்படிப்பட்ட தனிமையை உடைக்கத்தான்.

சபைகள் இதற்கு வழக்கங்களையே உண்டாக்கி வைத்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு, “என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே” என்கிறார்கள். சிந்தனை, சொல், செயல் என்பதோடு கடமையில் தவறியதையும் அந்த மன்றாட்டு சேர்த்துச் சொல்கிறது. செய்யாமல் விட்டதும் கணக்கில் வரும் என்பது நல்ல நினைவூட்டல். ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதாவது தன் பாவங்களைச் சொல்ல வேண்டும், என்பதை 1215-இல் கூடிய திருச்சபைப் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம் விதியாக்கியது. 1517-இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. முறைகளில் சபைகள் வேறுபடலாம். தன் பெயரில் தன் பாவத்தைச் சொல்ல வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் பெரிய பட்டியல் போட வேண்டாம். ராத்திரி படுக்கப் போகும்முன் அன்றைய நாளில் ஒரே ஒரு காரியத்தை எடுத்து, மற்றவர் பெயர் வராமல் கடவுளிடம் சொல்லிப் பாருங்கள். ‘ஆனால்’ எத்தனை தரம் நாக்கு நுனிக்கு வருகிறது என்பது தெரியும். அப்புறம் அந்த ஆளிடம் போக வேண்டியிருந்தால் போகலாம்.

போய்ச் சொன்ன பிறகு அவர் மன்னிக்காமலும் இருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், பழைய கதைகளை எல்லாம் எடுத்துக் கொட்டலாம், தன் பங்கு என்று எதையும் ஒத்துக்கொள்ளாமலே போகலாம். மன்னிப்புக் கேட்பது அவரிடமிருந்து மன்னிப்பை வாங்குவதற்கான விலை அல்ல. “கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்” என்று பவுல் எழுதும்போது (ரோமர் 12:18), எல்லாம் நம் கையில் இல்லை என்பதைத் தெரிந்தே எழுதுகிறார். அவருக்கு நேரம் தேவைப்படலாம். அதுவரை அந்தக் கடனைக் கட்டிக்கொண்டும், உடைத்ததைச் சரிசெய்துகொண்டும் இருக்கலாம். ஏன் இன்னும் மன்னிக்கவில்லை என்று கேட்டு அவர்மேல் புதுப் பழி போடாமல்.